இசைஞனுக்கு அடைத்த வாயில்: பி. ரம்லியின் 'இபு மெர்துவாக்கு'

இசைஞனின் பாட்டைக் கேட்டு மகிழ்வது ஒன்று. அவனுக்குப் பெண் கொடுப்பது மற்றொன்று. முன்னதற்கு ஓடோடி வரும் குடும்பங்கள் பின்னதற்கு நாணி ஒதுங்குவதை எல்லா நாடுகளிலும் காண்கிறோம். அரங்கில் தட்டிய கையே வீட்டில் வாயிற்கதவை அடைக்கிறது. இம்முரண்பாட்டை மலாய் மொழியில் மனம் பதறும்படி படமாக்கிக் காட்டியவர் பி. ரம்லி. 1962-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய 'இபு மெர்துவாக்கு' சாக்சபோன் வாசிக்கும் ஓர் இசைஞனின் கதை. படப்பெயருக்கு 'என் மாமியார்' என்பது பொருள்.

பாடகர், இசையமைப்பாளர், குழுத்தலைவர், நடிகர், இயக்குநர் என ஐந்து நிலைகளிலும் நின்ற ஒருவர் தம் தொழிலின் மானத்துக்காகத் தாமே வழக்காடிய படம் இது. வழக்கை அவர் திறம்படத் தொடங்குகிறார். ஆனால் வென்றாரா என்பது ஆராயத்தக்கது. ஏனெனில், இசைஞன் துன்புற்றால்தான் உலகம் அவனை மதிக்கும் என்னும் பழைய எண்ணத்துக்கே படம் இறுதியில் தலைவணங்கிவிடுகிறது. அவ்வெண்ணம் ரம்லியின் சொந்த வாழ்விலும் பலித்துவிட்டது. தமிழாகிய நம்மிடமும் அது வேரூன்றியிருத்தலால், இவ்வாராய்ச்சி நமக்கும் பயன்படும்.

பினாங்கில் முளைத்த இசை

ரம்லியின் இயற்பெயர் தெயுக்கு ஜக்கரியா. 1929 மார்ச் 22-ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தையார் சுமத்ராவின் ஆச்சே நாட்டிலிருந்து வந்தவர். தாயார் கடலுக்கு இப்பக்கத்துப் பட்டர்வொர்த் பகுதியினர். அந்நாளைய பினாங்குத் துறைமுகத்தில் சரக்குகளோடு இசைகளும் வந்து இறங்கின. பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துத் தோன்றிய 'பங்சாவான்' நாடகப் பாட்டு, போர்த்துக்கேசியத் தொடர்பால் வளர்ந்த குரோஞ்சோங், இருபாலரும் எதிரெதிர் நின்று ஆடும் ரோங்கெங், இந்தித் திரைப்பாட்டு, தமிழ் இசைத்தட்டு ஆகிய எல்லாம் ஒரே தெருவில் ஒலித்தன. நடன மண்டபங்களிலும் கேளிக்கைப் பூங்காக்களிலும் பிலிப்பைன்ஸ் நாட்டு இசைஞர்கள் ஜாஸ் வாசித்தார்கள்.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. மெட்டு ஒன்றை முதலில் நிறுவிக்கொண்டு, அதன் எல்லைக்குள் ஒவ்வொரு கருவியாளனும் அப்போதைக்கப்போது கற்பனை செய்து விரித்து வாசிக்க அது இடம் தருகிறது. நம் கற்பனைச் சுரத்தை அறிந்தவர்க்கு இந்நெறி எளிதில் விளங்கும். மலாயாவில் அது பெரும்பாலும் ஆடுவோர்க்கான இசையாகவே வழங்கிற்று. இரவில் கூலிக்கு வாசிப்பவன் பகலில் மதிப்பற்றவன் என்ற எண்ணமும் அதனுடன் ஒட்டிக்கொண்டது.

இத்தகைய சூழலில் இளைஞர் ரம்லி வயலின் பயின்று, குரோஞ்சோங் குழு ஒன்றை நடத்திப் பாடிவந்தார். 1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடியதைக் கேட்ட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்தார். அவ்வாண்டே வெளிவந்த 'சிந்தா' படத்தில் ரம்லி தீயவனாக நடித்தார். கதைத்தலைவனுக்குப் பின்னணியும் பாடினார். திரையில் ஒருவன் வாயசைக்க, மறைவில் நின்று குரல் கொடுத்தவராகவே அவருடைய கலைவாழ்வு தொடங்கியது.

இந்தியர் வகுத்த வழி

சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய 'மலாய் பிலிம் புரொடக்‌ஷன்ஸ்' நிலையத்தைப் பற்றி ஒரு வழக்கு உண்டு: முதல் சீனருடையது, இயக்கம் இந்தியருடையது, நடிப்பு மலாய்க்காரருடையது. இக்கூற்றுப் பெரிதும் பொருந்தும். ராஜ்ஹன்ஸ் பஞ்சாபியர். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் இயக்கிய 'பக்தி' (1950) படத்தில்தான் ரம்லி முதன்முதலாகக் கதைத்தலைவர் ஆனார். எஸ். ராமநாதன், பி. என். ராவ் முதலியோரும் அவரை இயக்கினர். கதையின் உணர்ச்சி முற்றும் இடத்தில் பாட்டு வரவேண்டும், பாட்டு கதையை ஓரடி முன்னே நகர்த்தவேண்டும் என்னும் இந்தியத் திரைமரபு இவர்கள் வழியாகவே மலாய்ப் படத்துக்கு வந்து சேர்ந்தது. ரம்லி அதை ஊன்றிக் கற்றார். 1955-இல் 'பெனாரிக் பெச்சா' என்னும் படத்தின் மூலம் தாமே இயக்குநரானார்.

மலாக்கா வாசகர்க்கு இங்கே நினைவுக்கு வரவேண்டிய படம் 'ஹாங் துவா' (1956). மலாக்கா சுல்தானகத்தின் வீரன் கதையை வங்காளியரான பானி மஜூம்தார் இயக்க, ரம்லி தலைமை வேடம் ஏற்று இசையும் அமைத்தார். அவ்விசைக்கு அவ்வாண்டு ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் பரிசு கிடைத்தது. மலாக்கா நகரிலிருந்து கடற்கரைச் சாலையாகக் கோலா சுங்கை பாருவுக்குச் செல்வோர், ஹாங் துவாவின் கல்லறை என வழங்கும் இடமுள்ள தஞ்சோங் கிளிங்கைக் கடந்துதான் செல்கின்றனர். அவ்வீரனுக்கு நம் கண்முன் ஒரு முகமும் குரலும் தந்தவர் ரம்லி. அடுத்த ஆண்டு, 'அனாக்கு சசாலி' படத்தில் தந்தையும் மகனுமாக இரட்டை வேடம் தாங்கியதற்காகத் தோக்கியோ விழாவில் சிறந்த நடிகர் பரிசையும் பெற்றார்.

கதைப்போக்கு

இவ்வளவு புகழுக்குப் பின் எடுத்த 'இபு மெர்துவாக்கு' படத்தின் கதையைச் சுருங்கக் காண்போம். காசிம் செலாமாட் சிங்கப்பூரில் சாக்சபோன் வாசிப்பவன், பாடவும் வல்லவன். வானொலி வழியே அவன் இசையைக் கேட்டுக் காதல் கொள்கிறாள் செல்வக்குடிப் பெண் சபாரியா. அவள் தாய் நியோன்யா மன்சூர், கண் மருத்துவன் ஒருவனுக்கு மகளைக் கொடுக்க எண்ணியிருப்பவள். மாப்பிள்ளையாக வர விரும்புபவன் இசைஞன் என்று அறிந்ததும் சீறுகிறாள். தன் குலத்துக்கே ஆகாத தொழில் அது என்கிறாள். மகள் உறுதியாக நிற்கவே மணம் நடக்கிறது. தாய் மகளை ஒதுக்கிவிடுகிறாள்.

மணமக்கள் பினாங்கு சேர்கின்றனர். கைப்பொருள் கரைகிறது. இசையை விட்டு உடலுழைப்பால் பிழைக்கும் நிலைக்குக் காசிம் வருகிறான். மனைவி கருவுற்றபோது, மாமியார் வந்து பேறுகாலத்துக்கென அவளைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்கிறாள். பின்னர், மனைவி இறந்தாள் என்று பொய்ச்செய்தி வருகிறது. அழுதழுது காசிம் கண்ணிழக்கிறான். ஏழை மூதாட்டியும் அவள் மகளும் அவனை ஆதரிக்கின்றனர். அவனிடம் உறங்கிக் கிடந்த இசை மீண்டும் எழுகிறது. உஸ்மான் ஜைலானி என்னும் மாற்றுப்பெயரில் அவன் ஊர் ஊராகச் சென்று புகழ் பெறுகிறான். சிங்கப்பூரில் ஒரு மருத்துவன் அவனுக்குக் கண் தருகிறான். அம்மருத்துவனே தன் மனைவியை மணந்திருப்பவன் என்பதைக் காசிம் காண்கிறான். கண்ட கண்களை முள்கரண்டிகளால் தானே குத்திக் கெடுத்துக்கொண்டு, தன்னை ஆதரித்த பெண்ணிடம் திரும்புகிறான்.

பாணனும் வாயிலும்

இசைஞனை வாயிலில் நிறுத்தும் இக்காட்சி தமிழ் கற்றவர்க்குப் புதிதன்று. சங்க இலக்கியத்தில் பாணனுக்கு இரு முகங்கள் உண்டு. புறத்தில் அவன் அரசர்க்கு உறவினன் போன்றவன். தன்னைக் காண வந்த பொருநனைக் கரிகாலன் ஏழடி பின்சென்று வழியனுப்பினான் என்று பொருநராற்றுப்படை கூறுகிறது. சிறுபாணனும் பெரும்பாணனும் நல்லியக்கோடனிடமும் இளந்திரையனிடமும் அத்தகைய வரவேற்பையே எதிர்நோக்கி ஆற்றுப்படுத்தப்படுகின்றனர். ஆனால் அகத்தில், மருதத்திணையில், அதே பாணன் பரத்தையர் சேரியிலிருந்து மீளும் தலைவனுக்குத் தூதாக வருகிறான். அங்கே தலைவியும் தோழியும் அவனை இழித்துப் பேசி வாயில் மறுக்கின்றனர். அரண்மனையில் ஏழடி மரியாதை பெற்றவனுக்கு இல்லத்தில் கதவு திறக்கவில்லை.

பிற்காலத்தில் இப்பிளவு வளர்ந்தது. பெரியபுராணம் காட்டும் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக் கோயிலின் வெளியே நின்று யாழிசைத்தார். இறைவன் ஆணையால்தான் உள்ளே அழைக்கப்பட்டார். யாழ் வைத்து வாசிக்கப் பொற்பலகையும் பெற்றார். திருவாரூரில் அவருக்கென வடதிசையில் வேறு வாயில் வகுக்கப்பட்டது. இறைவனே இரங்கினாலும் பொதுவாயில் திறவாமல் வேறு வாயில் வகுக்கப்பட்டமை நம் சமுதாய வரலாற்றை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது.

நியோன்யா மன்சூரும் இத்தகைய வாயில் காப்பவளே. வானொலியாகிய ஜன்னல் வழியே காசிமின் இசை அவள் வீட்டுக்குள் தடையின்றி நுழைகிறது. காசிம் மட்டும் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. இசையையும் இசைஞனையும் பிரித்து ஒன்றை ஏற்று ஒன்றைத் தள்ளும் வசதியை வானொலியும் இசைத்தட்டும் தந்தன. இப்புதுமையை 1962-லேயே கண்டு கதையின் முதல் முடிச்சாக்கியது ரம்லியின் கூர்மையைக் காட்டுகிறது. வேடமேற்ற மாக் டாரா, அவளை வெறும் கொடுமைக்காரியாக நடிக்கவில்லை. குடிப்பெருமை காக்கும் கடமை தன் தலைமேல் இருப்பதாக நம்பும் ஒருத்தியையே நாம் காண்கிறோம்.

இதே கருத்தை ரம்லி வேறு படங்களிலும் தொட்டிருக்கிறார். 'அந்தாரா டுவா டர்ஜாட்' (1960) படத்தில் இசைஞனுக்கும் அரசகுலப் பெண்ணுக்கும் இடையே குலம் மதிலாக நிற்கிறது. 'செனிமான் புஜாங் லாபோக்' (1961) நடிக்க வேலை தேடி ஜாலான் அம்பாஸுக்கே வரும் மூன்று இளைஞரை வைத்துச் சிரிக்கவைக்கிறது. பின்னர் வந்த 'மாசாம்-மாசாம் மானிஸ்' (1965) பகலில் பள்ளியாசிரியனாக இருப்பவனையும் இரவு விடுதியில் பாடும் பெண்ணையும் அடுத்தடுத்த அறைகளில் குடிவைத்து வேடிக்கை செய்கிறது. ஆசிரியத் தொழிலின் மதிப்பையும் பாடகியின் மதிப்பின்மையையும் ஒரே சுவரின் இருபுறமும் வைத்துப் பார்த்த அப்படம் ஆசிரியப் பெருமக்கள் காணத்தக்கது.

இசையின் திறம்

படத்தின் உயிர் அதன் பாட்டுகளில் உள்ளது. 'ஜெரித்தான் பாத்தின்கு', 'ஜாங்கான் திங்கல் டாக்கு', 'டி மானா கான் கு சாரி கந்தி' ஆகிய மூன்றும் இன்றும் கேட்கப்படுகின்றன. உள்ளத்தின் ஓலம், என்னைப் பிரியாதே, ஈடு எங்கே தேடுவேன் என்பன அவற்றின் பெயர்ப்பொருள். சுருதி அடுக்குகள் மேனாட்டு நடனக் குழுவினுடையவை. மெட்டின் வளைவுகளோ மலாய் நாட்டுப்பாட்டின் குழைவும் இந்தியத் திரைப்பாட்டின் ஏக்கமும் கலந்தவை. இவை ஒட்டுப்போட்டது போலத் தோன்றாமல் ஒரே மூச்சாக ஒலிப்பதற்கு ரம்லியின் குரலே காரணம். அது உரத்துப் பாடாத குரல். ஒலிவாங்கிக்கு அருகே நின்று ஒருவருக்கு மட்டும் சொல்வதுபோல் பாடும் குரல். ஜாஸ் பாடகரின் முறை இதுவே.

சாக்சபோனைத் தேர்ந்ததும் பொருத்தமானது. நம் நாதசுரத்தைப் போல அதுவும் மூச்சால் பேசும் கருவி. வாய் பாடி நிறுத்திய இடத்தில் கருவி தொடர்வதால், பாட்டும் வாசிப்பும் ஒருவனின் ஒரே பேச்சாகின்றன. 'ஜாங்கான் திங்கல் டாக்கு' என்னும் இணைப்பாட்டில் ரம்லியுடன் பாடியவர் சலோமா. மலாயாவில் ஜாஸ் முறையைப் பெண்குரலில் மிக இயல்பாகக் கையாண்டவர் இவர். ரம்லி 1961-இல் இவரை மணந்தார். திரையில் சரிமா நடிக்க, குரல் சலோமாவுடையது.

வழக்கு நழுவிய இடம்

இனிப் படத்தின் குறைகளைக் கூறுவோம். தற்செயல் நிகழ்ச்சிகள் அளவுக்கு மிஞ்சி நிற்கின்றன. கண் கொடுத்த மருத்துவனே மனைவியின் கணவனாக அமைவது ஒன்று போதும். ஆதரித்த ஏழைப்பெண்ணின் உள்ளம் சரியாக வரையப்படவில்லை; அவள் அன்பு நம்பத்தக்கதாயினும் அவளுக்கென ஒரு விருப்பமும் பேசப்படவில்லை.

இவற்றினும் பெரிய குறை வாதத்தில் உள்ளது. இசைஞனுக்குப் பெண் கொடுத்தால் மகள் பட்டினி கிடப்பாள் என்பது மாமியாரின் அச்சம் எனக் கொள்வோம். பினாங்கில் நடப்பது அவ்வச்சத்தை மெய்ப்பிக்கிறதே அன்றிப் பொய்ப்பிக்கவில்லை. நல்ல இசைஞன் ஒருவன் ஏன் தன் தொழிலால் குடும்பம் நடத்த இயலவில்லை, அவன் வாசிப்புக்குரிய ஊதியம் எங்கே போகிறது என்ற வினாவைப் படம் எழுப்பவே இல்லை. இவ்வினா ரம்லிக்குத் தெரியாததன்று. 1954-இல் மலாய்த் திரைக்கலைஞர்கள் 'பெர்சாமா' என்னும் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவரே. 1957-இல் ஜாலான் அம்பாஸில் கலைஞர் வேலைநிறுத்தமும் நடந்தது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும் அதே 1954-இல்தான். பால்வெட்டுபவரும் பாட்டுப் பாடுபவரும் ஒரே ஆண்டில் தாம் தொழிலாளர் என்று உணர்ந்து கூடினர் எனலாம். அவ்வுணர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர், தம் தலைசிறந்த படத்தில் கூலிப் பிரச்சினையைக் கண்ணீராக மாற்றிவிட்டார்.

இதன் விளைவு கதையிலேயே தெரிகிறது. கண்ணுள்ள காசிமை உலகம் புறக்கணித்தது. கருங்கண்ணாடி அணிந்த குருடன் உஸ்மான் ஜைலானியை அது தலையில் தூக்கிவைத்து ஆடுகிறது. அவன் வித்தை வளர்ந்ததாகப் படம் காட்டவில்லை. துன்பம் வளர்ந்ததையே காட்டுகிறது. துன்பம்தான் இசைஞனுக்கு நுழைவுச்சீட்டு என்று ஆகிவிட்டது. முடிவில் அவன் தன் கண்ணைத் தானே கெடுத்துக்கொள்வது பொய்யான உலகைக் காண மறுக்கும் வீரச்செயலாக அமைந்து நெஞ்சைத் தாக்குகிறது. ஆனால் தண்டனை முழுவதையும் இசைஞனே ஏற்றுக்கொள்கிறான். வாயிலை அடைத்த சமுதாயத்துக்கு ஒரு கீறலும் இல்லை.

ஒப்புநோக்கத் தமிழில் ஒரு படம் உண்டு. கொத்தமங்கலம் சுப்புவின் நவீனத்தைத் தழுவி ஏ. பி. நாகராஜன் எடுத்த 'தில்லானா மோகனாம்பாள்' (1968) நாதசுரக்காரன் ஒருவனின் மானத்தைப் பற்றியது. அங்கும் தாய் ஒருத்தி மகளைச் செல்வரிடம் சேர்க்க முயல்கிறாள். ஆனால் சிக்கல் சண்முகசுந்தரத்தின் மதிப்பு அவன் வாசிப்பின்மேல் நிறுத்தப்பட்டுள்ளது. போட்டி மேடையில் தன் வித்தையால் அவன் எழுகிறான். மேளகாரர், ஒத்துக்காரர், நட்டுவனார் என்று ஒரு தொழிற்கூட்டமே அவனைச் சூழ்ந்து வாழ்கிறது. அப்படத்தில் ஒலிக்கும் நாதசுரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரருடையது. துயரத்தின் ஆழத்தில் 'இபு மெர்துவாக்கு' அதனினும் உயர்ந்தது. தொழிலின் பெருமையைக் காட்டுவதில் தமிழ்ப்படமே முன்நிற்கிறது.

கதை வாழ்வானது

1963-இல் தோக்கியோ ஆசியத் திரைப்பட விழாவில், இப்படத்துக்காக ரம்லிக்குப் பல்கலைத்திறன் பரிசு கிடைத்தது. அது அவருடைய உச்சம். 1964-இல் அவர் கோலாலம்பூர் வந்து மெர்டேக்கா நிலையத்தில் படமெடுக்கத் தொடங்கினார். அங்கே வசதிகள் குறைவு. கித்தார்க் குழுக்களின் 'பாப் யே யே' இசை இளைஞரைக் கவர்ந்துகொண்டது. ரம்லியின் இசை பழையது என ஒதுக்கப்பட்டது. 1967-இல் ஜாலான் அம்பாஸ் நிலையம் மூடப்பட்டது. 1972-இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவருடைய கடைசிப் படம். 1973 மே 29-ஆம் நாள், 44 வயதில், மாரடைப்பால் இறந்தார். சலோமாவும் 1983-இல் மறைந்தார்.

அதன்பின் வாயில்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1982-இல் கோலாலம்பூரின் பாரி சாலை ஜாலான் பி. ரம்லி ஆயிற்று. 1986-இல் அவர் வாழ்ந்த செத்தாப்பாக் இல்லம் நினைவகமாயிற்று. 1990-இல் 'டான் ஸ்ரீ' விருது அளிக்கப்பட்டது. பெறுவதற்கு அவர் இல்லை. காசிம் செலாமாட்டைக் குருடனான பிறகு கொண்டாடிய திரையுலகைப் படைத்தவரை, நாடும் இறந்த பிறகே கொண்டாடியது.

நம் பக்கம்

இதைப் பிறர் குறையாக மட்டும் நாம் பார்த்தல் தகாது. 'கூத்தாடி' என்னும் சொல்லைத் தமிழர் எந்தக் குரலில் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்ப்போம். எல். ஆர். ஈஸ்வரியின் குரல் திரையில் விடுதிப் பாட்டுக்கு ஒலித்தபோது முகம் சுளித்தவர்கள், அதே குரல் மாரியம்மன் பாட்டாகத் தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கியில் வந்தபோது கைகூப்பினர். குரல் ஒன்றே, நாம் அமைத்த வாயில்கள் இரண்டு.

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில், மலாய்ப் படமும் தமிழ்ப்படமும் அதே திரையில்தான் ஓடின. தீபாவளி நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர், திருமணத்துக்குக் குழு சேர்த்துக் கித்தாரும் டிரம்மும் கொண்டுவந்தவர், திருவிழாவில் தவில் கட்டியவர் எனப் பலர் அத்தோட்டங்களில் வாழ்ந்தனர். பகலில் பால்மரம் வெட்டி இரவில் இசைத்தவர்கள் அவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்களுக்குப் பெயர்ந்தபோது அவர்கள் பெயரும் உடன் கலைந்தது. அவர்களுக்கு நினைவகம் எழுப்ப நம்மால் இயலாது. ஆனால் தமிழாசிரியர் ஒருவர் தம் மாணவரிடம், 'உங்கள் தாத்தா காலத்தில் ஊரில் யார் வாசித்தார்கள், என்ன கூலி பெற்றார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள்' என்று ஒரு கட்டுரைப் பணி தரலாம். கூலியைக் கேட்க மறத்தல் கூடாது. ரம்லி கேட்காமல் விட்ட கேள்வி அது.

'இபு மெர்துவாக்கு' குறைகளோடும் பெரும்படமே. அதைக் கண்டு அழாதவர் அரியர். நம் ஊரில் இன்றும் இரவு விழாக்களில் பாடி வீடு திரும்பும் இளைஞனுக்கு அவ்வழுகையால் ஒரு பயனும் இல்லை. அவனுக்கு வேண்டியவை உரிய ஊதியமும், பெண் கேட்டு வரும்போது முன்வாயிலில் ஒரு நாற்காலியுமே ஆகும்.